மழைக்காட்டுத் தீவு ஒன்றுக்குப் படகில் போனதுண்டா? வயதான பெற்றோரைக் கூட்டிப்போக முடியுமா?

போயிருக்கிறேன். கனடாவின் மேற்குக் கரையில், டொஃபினோ ஊருக்கு எதிரே இருக்கும் மியர்ஸ் தீவு. அம்மாவையும் கூட்டிப்போனேன். அதில் ஒரு தப்பு செய்தேன், பிறகு சொல்கிறேன்.

வான்கூவர் பக்கம் இருக்கும் எங்களுக்கே டொஃபினோ தூரம்தான். காரோடு ஃபெரியில் ஏறி, வான்கூவர் தீவில் இருக்கும் நனைமோ ஊருக்குப் போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் மலைப்பாதையில் மூன்று மணி நேரம். ஆனால் டொஃபினோ துறையிலிருந்து தீவுக்கு வாட்டர் டாக்ஸியில் பத்தே நிமிடம். நாங்கள் போனபோது கடல் வற்றியிருந்தது. இரண்டு பக்கமும் சேற்றுத் திட்டுகள், நடுவே வளைந்து வளைந்து படகு போனது. எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்வார் என்பதை இறங்கும்போதே படகுக்காரரிடம் பேசிவிடுங்கள்.

மழைக்காடு என்றால் நமக்குப் புழுக்கம்தான் நினைவுக்கு வரும். இங்கே உள்ளே நுழைந்ததும் குளிர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால் டொஃபினோவில் 3,000 மி.மீ.க்கு மேல். குளிரில் மரம் சீக்கிரம் மக்காது. விழுந்து கிடக்கும் அடிமரத்தின் முதுகிலேயே ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கும்.

எல்லோரும் தேடிப்போவது 'தொங்கும் தோட்டம்' என்ற சிடார் மரத்தை. சுற்றளவு 18 மீட்டருக்கு மேல், உச்சியில் வேறு செடிகளும் மரங்களும் வளர்கின்றன. பிரமாதம்தான். ஆனால் எனக்கு மனதில் நின்றது வழியில் பார்த்த இன்னொரு சிடார். அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போகக் குறுகி முடியும் நீளமான தழும்பு. மின்னல் வெட்டு என்றே நினைத்தேன். இல்லை, பட்டை உரித்த தடம். அந்த மண்ணுக்குரிய த்லா-ஓ-க்வி-ஆட் மக்கள் கூடை, தொப்பி, கயிறு முடையப் பட்டை எடுப்பார்கள். ஒரு மரத்தில் ஒன்றிரண்டு கீற்றோடு நிறுத்திவிடுவதால் மரம் சாவதில்லை. தழும்பின் இரு ஓரமும் உதடு மாதிரி தடித்து மூடிக்கொண்டு வருவதைத் தொட்டுப் பார்த்தேன்.

இந்தக் காட்டை வெட்ட 1984-இல் ஒரு பெரிய மர நிறுவனம் வந்தது. அந்த மக்கள் தீவைத் தங்கள் பழங்குடிப் பூங்கா என்று அறிவித்து மறித்து நின்றார்கள். 1985-இல் நீதிமன்றம் வெட்டுக்குத் தடை போட்டது.

சரி, பெற்றோர் விஷயம். சிடார் பலகை பாவிய நடைபாதையைப் படத்தில் பார்த்துவிட்டு, கோயில் பிரகாரம் மாதிரி நடந்துவிடலாம் என்று நம்பினேன். அதுதான் தப்பு. ஈரப் பலகையில் பாசி. பலகை முடிந்தால் வேரும் சேறும். முழங்கால் வலிக்காரி அம்மா இருபதாவது நிமிடத்தில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பாரு, நான் இந்தப் பென்சில் டப்பா வாசத்தையே மோந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். உண்மையிலேயே பென்சில் சீவின வாசம்தான்.

நன்றாக நடப்பவர்கள் என்றால் பிடிமானமுள்ள ஷூவும் மழைக்கோட்டும் போட்டுக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் டொஃபினோ போகிற வழியிலேயே கேத்தீட்ரல் குரோவ் என்ற பழைய காடு இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தினால் போதும், 800 வயது டக்ளஸ் ஃபிர் மரங்கள் பக்கத்திலேயே நிற்கும். படகுதான் கிடையாது.