பயனீட்டாளர் கேள்வி-பதில்: ஏழு வயதுக்கு முழு வயலின் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் இசைக்கருவிகளைப் பற்றியவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கே: மகளுக்கு ஏழு வயது. கோயில் மண்டபத்தில் நடக்கும் கர்நாடக வயலின் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். "முழு அளவே எடுங்கள், வளர்ந்த பிறகும் ஆகும், இரண்டு முறை செலவு ஏன்?" என்கிறார் கடைக்காரர். 380 வெள்ளி. எடுக்கலாமா?
— தோட்டத்துத் தாய்

ப: எடுக்காதீர்கள், அம்மா. பள்ளிச் சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கி மடித்துத் தைக்கலாம். வயலினை அப்படிச் செய்ய முடியாது. கை எட்டாத பிள்ளை தோளைத் தூக்கி, மணிக்கட்டை ஒடித்துப் பிடித்துத்தான் வாசிக்கும். விரல் இழுத்து வாசிக்க வேண்டிய கமகம் அந்தக் கைக்கு வராது. பழகிய பிறகு திருத்துவதும் கடினம்.

இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லுங்கள். கழுத்தடியிலிருந்து உள்ளங்கை நடு வரை தையல் நாடாவால் அளவெடுங்கள். ஏறக்குறைய 58 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் முழு வயலின். 55-56 என்றால் முக்கால், 51 என்றால் அரை, 47 என்றால் கால், 42-43 என்றால் அரைக்கால். ஏழு வயதுக்குப் பெரும்பாலும் காலோ அரையோதான் வரும். இரண்டு அளவுக்கும் நடுவே நின்றால் சிறியதை எடுங்கள். அந்த அளவை ஆசிரியரிடம் காட்டிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இரண்டு முறை செலவாகும் என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு வழி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் வளர்ந்து விட்டுவிட்ட வயலினை வாங்குவது. கடையில்தான் வாங்குவீர்கள் என்றால், அடுத்த அளவுக்கு மாறும்போது பழையதை எத்தனை வெள்ளிக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாக விட்டுவிடாதீர்கள்.

கே: பியானோ வகுப்புக்கு 37 கீ உள்ள கீபோர்டு போதுமா? விளையாட்டுச் சாமான் கடையில் 99 வெள்ளிக்கு இருக்கிறது.

ப: போதாது. குறைந்தது 61 கீ வேண்டும். மெதுவாகத் தட்டினால் மெல்லவும், ஓங்கித் தட்டினால் உரக்கவும் ஒலிக்க வேண்டும். கடையிலேயே தட்டிப் பாருங்கள்.

கே: இணையத்தில் 189 வெள்ளிக்கு வயலின் வாங்கினோம். பெட்டி, வில், ரோசின் எல்லாம் சேர்த்து. மாலையில் சுருதி சேர்க்கவே அரை மணி ஆகிறது. தந்தியை முறுக்கும் பிருடை நிற்பதில்லை, உருவிக்கொண்டு வருகிறது. தந்தியை அழுத்தினால் விரல் வலிக்கிறது என்று மகன் அழுகிறான். "எனக்கு வராதும்மா, நிறுத்திடறேன்" என்கிறான். விற்றவரைக் கேட்டால் "வயலின் என்றாலே அப்படித்தான்" என்கிறார். நான் இரவு ஷிப்ட் வேலை செய்பவள். இதோடு போராட எனக்கும் நேரமில்லை.
— இரண்டு பிள்ளைகளின் தாய்

ப: குறை வயலினில் இருக்கிறது. அதை இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மலிவு வயலின் என்று வீட்டுக்கு வருபவற்றில் பல, இன்னும் வயலினாகச் சேர்த்து முடிக்கப்படாத பாகங்கள். ஆலையிலிருந்து வந்ததை யாராவது பொருத்திச் சீர்செய்ய வேண்டும். அந்த வேலையை யாரும் செய்யாமல் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பழி கடைசியில் பிள்ளையின் காதின் மேலும் விரலின் மேலும் விழுகிறது.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், நீங்களே பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் தளர்த்தி அதன் பிருடையைக் கழற்றுங்கள். பிருடை ஒரு முனையில் பருத்து மறுமுனையில் சிறுக்கும். துளையும் அதே சரிவில் இருக்க வேண்டும். நன்றாகப் பொருந்திய பிருடையின் தண்டில், பிருடைப் பெட்டியின் இரு சுவரும் தொட்ட இடங்களில் இரண்டு பளபளப்பு வளையங்கள் தெரியும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் அது ஒரு பக்கத்தில் மட்டுமே பிடிக்கிறது, எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. இரண்டு வளையமும் இருந்து நழுவினால் மட்டும் சுண்ணக்கட்டியைக் கொஞ்சம் தேய்த்து, உள்ளே அழுத்தியபடி திருகுங்கள். நம் ஊர் ஈரத்தில் மரம் மழை நாளில் ஊதி இறுகும், ஏர்கான் அறையில் சுருங்கித் தளரும். நல்ல வயலினுக்கும் அந்த அளவு தொல்லை உண்டு. தினமும் அரை மணி என்பது அதில் சேராது.

விரல் வலிக்குக் காரணம் தந்தியின் உயரம். பிருடைப் பக்கம் தந்திகள் உட்காரும் சிறு மேட்டில், விரல்பலகைக்கும் தந்திக்கும் நடுவே முகவரி அட்டை ஒன்று நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் பிள்ளை இரும்புக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறது. அடுத்து, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை. ஆலையிலிருந்து வரும் குதிரை உயரமாகவும் தடியாகவும் இருக்கும். அந்தந்த வயலினுக்கு ஏற்பச் செதுக்கித்தான் நிறுத்த வேண்டும். முழு வயலினில் விரல்பலகை முடியும் இடத்தில் மெல்லிய தந்திக்குக் கீழே ஏறக்குறைய 3 மி.மீ., தடித்த தந்திக்குக் கீழே 5 மி.மீ. இருக்கும். சிறுவர் வயலினில் இன்னும் குறைவு. உங்களுடையதில் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, மெல்லிய தந்திப் பக்கத்துத் துளை வழியாகக் கைவிளக்கு அடித்து உள்ளே பாருங்கள். குதிரையின் காலுக்குச் சற்றுப் பின்னால் பென்சில் தடிமனில் ஒரு குச்சி மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே நிற்க வேண்டும். அதுதான் சவுண்ட் போஸ்ட். விழுந்து கிடந்தால் எல்லாத் தந்தியையும் உடனே தளர்த்துங்கள், இல்லையென்றால் மேல்பலகை அமுங்கி வெடிக்கும். அந்தக் குச்சியே இல்லாத வயலினை 260 வெள்ளி கொடுத்து நானும் வாங்கியிருக்கிறேன். பணம் கொடுக்கும் முன் உள்ளே பார்க்காததுதான் தவறு.

இனிப் பணம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரமாக விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இணைய விற்பனைக்கும் அது பொருந்தும். சுருதி சேர்த்த ஒரு நிமிடத்தில் பிருடை உருவிக்கொள்வதைக் காணொளி எடுங்கள். குறைகளை ஆசிரியரிடம் இரண்டு வரியில் எழுதி வாங்குங்கள். இரண்டையும் விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வாங்கிய தளத்தில் திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அங்கே புகாரைப் பதிவு செய்யுங்கள். அந்தக் கெடு குறுகியது, சட்டம் தரும் காலம் நீண்டது. குறுகியதை முதலில் பிடியுங்கள்.

கே: புது வீணை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தந்திக்குக் கீழே உள்ள மெட்டுகள் இடம் மாறிவிட்டன, சுரம் தப்பாகக் கேட்கிறது. கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா? (வகுப்பு நாளன்று மதியம் முழுவதும் காரில் இருந்தது.)

ப: முடியாது. அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதுதான் காரணம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருக்கின்றன. வெயிலில் பூட்டிய காரில் மெழுகு இளகிவிடும். வீட்டில் சூடு காட்டி நகர்த்திப் பார்க்க வேண்டாம். மெழுகு வைத்துச் சுரம் பார்த்து மெட்டு கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள், செலவு உங்களுடையது.

கே: இரட்டைப் பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்தோம். 12 மாதக் கட்டணம் 1,440 வெள்ளியை முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள், "தள்ளுபடி" என்றார்கள். மூன்று மாதத்தில் ஆசிரியர் போய்விட்டார். புது ஆசிரியருக்குச் சனிக்கிழமை காலைதான் நேரம். அன்று பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பும் டியூஷனும். வகுப்பை ரத்துச் செய்யக் கேட்டால், "கட்டிய பணம் திரும்பத் தரப்பட மாட்டாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.

ப: அந்தப் பலகை சட்டத்துக்கு மேலானதல்ல. இனிவரும் மாதங்களில் தொடர்ந்து தரப்போகும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்துச் செய்யலாம் என்று அதே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. அப்போது நிலையம் எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்றுதான்: மொத்தக் கட்டணத்தில் 5 விழுக்காடு, நீங்கள் வாங்கி வைத்துக்கொண்ட பொருள்களின் விலை, ஏற்கெனவே பெற்ற வகுப்புகளின் கட்டணம்.

உங்கள் கணக்கு இது. 1,440இல் 5 விழுக்காடு 72 வெள்ளி. மூன்று மாத வகுப்பு 360. இரண்டும் சேர்ந்து 432. மீதி 1,008 வெள்ளி. பாடப்புத்தகம் வாங்கியிருந்து அதன் விலை கட்டணத்தில் அடங்கியிருந்தால் அதையும் கழியுங்கள். இந்தக் கணக்கைத் தேதியிட்ட கடிதமாக எழுதி, 14 நாள் கெடு கொடுத்து, நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

கெடு தாண்டினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், அதாவது டிரிபுனல் துன்துத்தான் பெங்குனா. போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்ட வேண்டும். 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, வருகைப் பதிவு, ஆசிரியர் மாறிய செய்தி, உங்கள் கடிதம் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, கேட்கத் தயங்காதீர்கள். அடுத்த முறை மாதா மாதம் கட்டுங்கள்.

கே: தெரிந்தவரின் தெரிந்தவரிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய டிஜிட்டல் பியானோ 900 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டில் செருகியதும் "டப்" என்றது. பணத்தைத் திரும்ப வாங்க வழி என்ன? ரசீது இல்லை.

ப: ஜப்பான் வீடுகளில் மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. பின்புறத் தகட்டில் எண் அச்சிட்டிருக்கும். 900 வெள்ளி எடுத்து வைக்கும் முன் அதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது. விற்றவர் வியாபாரி இல்லை என்றால் பயனீட்டாளர் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. மறுபடி செருகாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் முதலில் போவது ஃபியூஸும் மின்வழங்கிப் பலகையும்தான், ஒலிப் பலகை தப்பியிருக்கலாம். சீரானால் 100 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மரோடுதான் ஓட்ட வேண்டும்.

இந்தியாவிலிருந்து சுருதிப் பெட்டி வாங்கி வருபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வோல்ட் ஏறக்குறைய ஒன்றே, பிளக்கை மாற்றினால் போதும். அடாப்டர் தொலைந்து வேறு வாங்கும்போது மட்டும், வோல்ட்டோடு பிளஸ் நடுவிலா வெளியிலா என்ற சிறு படத்தையும் ஒத்துப் பாருங்கள். அதைப் பார்க்காமல் ஒரு நல்ல பெட்டியைக் கெடுத்தவள் நான்.

கே: மூத்தவள் பாடுகிறாள், அடுத்தவள் வயலின், கடைக்குட்டிக்கு மிருதங்கம் வாங்கப் போகிறோம். மூவரும் சேர்ந்து ஒரு நாள் கோயிலில் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. கடையில் 24 அங்குல மிருதங்கம் ஒன்று மலிவாக இருக்கிறது. வார் கட்டியதா, போல்ட் வைத்ததா என்றும் சொல்லுங்கள்.
— செம்பனைத் தோட்ட மண்டோர்

ப: நல்ல ஆசை. வாங்கும் முன் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் நன்றி. மூத்தவள் எத்தனை கட்டை சுருதியில் பாடுகிறாள் என்று பாட்டாசிரியரிடம் கேளுங்கள் (கட்டை எண் கூடினால் சுருதி உயரும்). பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 5, 5½, 6 கட்டையில் பாடுவார்கள். அதற்கு 22 அங்குல மிருதங்கம் சரி. 24 அங்குலம் 1 அல்லது 2 கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு. அதை 5½க்கு ஏற்ற நினைத்தால் தோல்தான் கிழியும். சிறியது எடை குறைவு, கடைக்குட்டியின் கைக்கும் எட்டும். வயலினை அதே சுருதிக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

போல்ட் வைத்ததை எடுங்கள். வார் மிருதங்கத்தின் நாதத்தை விரும்புகிறவர்கள் உண்டு, ஆனால் தோல் மாற்றி வார் இழுக்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு பயணம். போல்ட் வகையில் ஸ்பேனரால் நீங்களே இறுக்கலாம். ஒன்றைத் திருகினால் அடுத்து அதற்கு நேர் எதிரில் உள்ளதைத் திருகுங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரே பக்கமாக இறுக்கினால் வலப்பக்கத் தோலான வலந்தலை கோணி, தட்டும் இடத்துக்கு ஒரு சுருதி பேசும்.

கடையில் வலந்தலையின் நடுவிலுள்ள கருப்பு வட்டத்தைப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் இயல்பானவை, நாதத்துக்கு அவை வேண்டும். சில்லு பெயர்ந்திருந்தால் வேண்டாம். கட்டை பலாமரமா என்று கேளுங்கள், உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வாசித்து முடித்ததும் இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டித் துடைக்க வேண்டும், விட்டால் எறும்பும் பூஞ்சையும் வரும். மழைக் காலத்தில் தோல் இறங்கினால் வெயிலில் காய வைக்காதீர்கள். காற்றாடி ஓடும் அறையில் துணி உறையோடு வையுங்கள், சிமெண்டுத் தரையில் மட்டும் வேண்டாம்.

கே: பள்ளியில் ரெக்கார்டர் குழல் வாங்கச் சொன்னார்கள். வாங்கியதில் ஒரு சுரம் மட்டும் மற்றப் பிள்ளைகளோடு ஒத்துவரவில்லை. பழுதா?

ப: பழுதாக இருக்காது. ஜெர்மன், பரோக் என்று இரண்டு வகை விரலமைப்பு உண்டு. வகுப்பில் எது என்று ஆசிரியரிடம் கேட்டு, ரசீதோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள். வாய் வைத்து ஊதியதைத் திரும்ப எடுக்கக் கடைக்காரர் தயங்கினால், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.