அடுக்களைக் கேள்விகள்: உலை ஒன்று, தட்டு பல

கேள்வி: இரண்டு வயது மகள், பள்ளிக்குப் போகும் மகன், ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் மாமியார் என ஒவ்வொருவருக்கும் ஒரு விதமாகச் சமைக்கிறேன். வேலை முடிந்து வீடு திரும்பவே மாலை ஆறரை ஆகிவிடுகிறது. இதற்கு எளிய வழி உண்டா?

பதில்: மூன்று பேருக்காக மூன்று முறை அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை. மூவருக்கும் வேண்டிய சத்து பெரும்பாலும் ஒன்றே. வேறுபடுவது உப்பு, காரம், பதம் ஆகிய மூன்றுதான். இந்த மூன்றையும் சமையலின் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டால் உங்கள் வேலையில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். காலையில் ஊறவைத்த பயறையோ பருப்பையோ, அந்தப் பருவத்தில் கிடைக்கும் இரண்டு காய்களோடு சேர்த்து, உப்பும் மிளகாயும் போடாமல் ஒரே பாத்திரத்தில் வேகவிடுங்கள். வெந்ததும் குழந்தையின் பங்கை முதலில் எடுத்துச் சற்றே மசித்து, ஒரு துளி எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள். கேரட், பூசணி, கீரை ஆகியவற்றில் உள்ள, வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் என்னும் சத்து உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். அடுத்து மாமியாரின் பங்கை எடுத்து, எலுமிச்சைச் சாறு, மிளகு, இஞ்சி, கொத்தமல்லித்தழை ஆகியவற்றால் சுவை கூட்டி, உப்பை மிகக் குறைவாகச் சேருங்கள். மீதமிருப்பதை உங்களுக்கும் மகனுக்கும் பிடித்தபடி முடித்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. அடுப்படியில் நாம் போடும் உப்பை மட்டும் குறைத்துவிட்டு, ரொட்டி, சாஸ், பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பை மறந்துவிடக் கூடாது. சோடியம் குறைந்த மாற்று உப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கிறது என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மருந்துகளைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் தானியத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் இன்னொரு அமினோ அமிலம் தானியத்தில் கிடைக்கிறது. ஆகவே தானியம், பருப்பு, காய், கடைசியில் ஒரு பழம் என்று முடியும் இரவு உணவு முழுமையான உணவுதான். பதார்த்தங்களின் எண்ணிக்கை குறைகிறதே என்று நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். மகனுக்குப் பட்டாணி உரிக்கவும் காய் கழுவவும் சொல்லிக்கொடுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களும் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: வெயில் தொடங்கிவிட்டால் எழுபத்தைந்து வயதாகும் என் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. ரொட்டியும் தேநீருமாகவே நாளை ஓட்டுகிறார். என்ன கொடுக்கலாம்?

பதில்: வயது கூடும்போது தாக உணர்வு மங்கும், தாகம் எடுக்கவில்லை என்பதாலேயே உடலுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஆகவே அவர் கேட்கும்வரை காத்திராமல், குறித்த நேரங்களில் தண்ணீரை நீங்களே நீட்டுங்கள். வெள்ளரிக்காயும் தர்பூசணியும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். அவற்றை நறுக்கி, கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் வற்புறுத்தாமலே உள்ளே போகும். மூன்று வேளை உணவை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தயிர், முட்டை, வேகவைத்த பயறு ஆகியவற்றில் ஒன்று இருக்குமாறு பாருங்கள். முதுமையில் புரதம் குறைந்தால் தசை விரைவாகக் கரையும். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் அதைச் சாப்பாட்டோடு கொடுக்காமல், ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். இதய அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அந்த அளவை மீறக் கூடாது. எடை குறைந்துகொண்டே வந்தால் அதை வெயிலின் மேல் பழிபோட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மருந்துகளும் பசியையும் ருசியையும் கெடுக்கும்.

கேள்வி: பருவம் தவறிய காலத்தில் உறைந்த பட்டாணி வாங்குவது சத்துக் குறைவா?

பதில்: இல்லை. பறித்த நேரத்திலிருந்தே பட்டாணியின் இனிப்பு மாவாக மாறத் தொடங்கும். உறைந்த பட்டாணியோ பறித்த சில மணி நேரத்துக்குள் வெந்நீரில் போட்டெடுத்து உறையவைக்கப்படுவது. பல நாள் வாடிய காயைவிட அது மேலானது. பருவத்தில் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும் காய்க்கே என் முதல் வாக்கு.

கேள்வி: நான்கு வயது மகன் எந்தக் காயையும் தொடுவதில்லை. தெரியாமல் அரைத்துக் கலந்துவிடலாமா?

பதில்: அரைத்துக் கலப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அது மட்டுமே வழியாக இருந்தால் அவன் காயை என்றைக்கும் பழகமாட்டான். புதிய சுவையை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறைகூட ஆகலாம் என்பதால், மூன்றாம் நாளே கைவிட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு துண்டை, அவனுக்குப் பிடித்த உணவின் அருகில், எதுவும் சொல்லாமல் வையுங்கள். மிரட்டலும் வேண்டாம், “இதைத் தின்றால் இனிப்பு” என்ற பேரமும் வேண்டாம், ஏனெனில் அந்தப் பேரமே காயைத் தண்டனையாகவும் இனிப்பைப் பரிசாகவும் ஆக்கிவிடுகிறது. நீங்கள் அதே காயை அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதே பெரிய பாடம்.

கேள்வி: இரவு மிஞ்சும் சோற்றை மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுவது பாதுகாப்பானதா?

பதில்: மிஞ்சியவுடன் அதை எப்படி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர்பெட்டியில் மூடி வையுங்கள். மறுநாளே, உண்ணும் அளவை மட்டும் வெளியே எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்படி ஒரே முறை சூடாக்குங்கள். இரவு முழுவதும் அடுப்பு மேடையிலேயே இருந்த சோறு என்றால், மணம் நன்றாகவே இருந்தாலும், அதைக் குழந்தைக்கும் முதியவருக்கும் கொடுக்கவே வேண்டாம். நீங்களும் சாப்பிட வேண்டாம்.