மூணாவது டிவிடியில நின்னுக்குதுங்க!

கேள்வி: 2012-ல வாங்கின லேப்டாப்புங்க, விண்டோஸ் 7. வாங்கினப்பவே 4 ரிகவரி டிவிடி எழுதி வெச்சோம். ஹார்டு டிஸ்க் போயிருச்சு. புதுசா எஸ்எஸ்டி (சிப் வகை டிஸ்க்) போட்டு டிவிடியை ஓட்டினா, மூணாவது முக்கால்வாசி போயி நின்னுக்குது. டேலியில (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) இருந்த கணக்கு திரும்ப வருமுங்களா?
– பனியன் யூனிட் வாசகர், திருப்பூர்

பதில்: கணக்கு அந்த டிவிடியில் இல்லைங்க. ரிகவரி டிவிடி, கம்ப்யூட்டரைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத்தான் கொண்டுபோகும். கணக்கு பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 'டிக் டிக்' சத்தம் வந்தால் கரன்ட் கொடுக்காமல் டேட்டா மீட்பவரிடம் தந்துவிடுங்கள். சத்தமில்லை என்றால் சாட்டா–யுஎஸ்பி கேபிளில் (கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி-யில் இணைப்பது) வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டேலி ஃபோல்டருக்குள் 'டேட்டா'வைத் தேடுங்கள். உள்ளே 10000 போல எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. முழுசாகக் காப்பி எடுங்கள்.

இனி டிவிடி. எஸ்எஸ்டி அளவு போதாதென்றால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே மறுத்திருக்கும் (500 ஜிபி இருந்த இடத்தில் 480 ஜிபி போட்டால் சில ரிகவரி ஏற்காது). நடுவில் நிற்பதால் டிவிடியைப் படிக்க முடியவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். கை படுவதும் கீறல் விழுவதும் வெளி விளிம்பில். முக்கால்வாசியில் நிற்பது அதனால்தான் இருக்கும். மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். உங்கள் ஊர்ப் பஞ்சுத் தூசி டிரைவ் லென்ஸிலும் ஒட்டியிருக்கலாம்.

அதற்கும் மசியவில்லையா? அதே டிரைவில் மறுபடி மறுபடி முயல்வது வீண். லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு சிஸ்டம்) உள்ள பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கி, பழுதான டிஸ்க்கைப் படிக்கும் 'டிடிரெஸ்க்யூ' புரோகிராம் மூலம் டிவிடியை ஐஎஸ்ஓ ஃபைலாக (டிவிடியின் முழு நகல்) எடுங்கள். விட்டுப்போன பகுதிகளை அது மேப் ஃபைலில் குறித்து வைக்கும். அதே மேப் ஃபைலோடு வேறு டிரைவில் ஓட்டினால் விடுபட்டதை மட்டும் படிக்கும். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். முழுசாகக் கிடைத்ததும் புது டிவிடியில் குறைந்த வேகத்தில் எழுதி, 'வெரிஃபை' (சரியாக எழுதியிருக்கிறதா என்ற சோதனை) போடுங்கள். மறுபடி ரிகவரி ஓட்டும்போது பென்டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டெஸ்க்டாப்புல ரிகவரி நல்லா முடிஞ்சுதுங்க. ஒரு வாரம் ஓடுச்சு. கரன்ட் போயி வந்ததுல இருந்து நீலத்திரை, 7பி-னு முடியற நம்பர். மறுபடி டிவிடி போடணுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாங்க, போட்டால் இருப்பதும் அழியும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரை) தேதி பாருங்கள். பழைய வருஷம் காட்டினால் மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கரன்ட் போனதும் பயாஸ் செட்டிங் பழையபடி திரும்பி, சாட்டா மோடு (கம்ப்யூட்டர் டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருக்கும். புது பேட்டரி போட்டு, மோடு ஐடிஇ என்றிருந்தால் ஏஹெச்சிஐ-க்கும், ஏஹெச்சிஐ என்றிருந்தால் ஐடிஇ-க்கும் மாற்றி சேவ் செய்யுங்கள். விண்டோஸ் 7, தான் பயன்படுத்தாத மோடின் டிரைவரை (அந்த மோடை இயக்கும் சாஃப்ட்வேர்) நிறுத்தி வைத்துவிடும். அதனால்தான் டிஸ்க் நல்லா இருந்தும் விண்டோஸ் அதைத் திறக்க முடியாமல் 7பி காட்டுகிறது.