துணை நிறுவனமும் தாய் நிறுவனமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பிளாச்சிமடையில் கோகோ-கோலா ஆலையால் நிலத்தடி நீர் கெட்டது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கோலா ஆலையை நடத்தியது இங்கே பதிவான துணை நிறுவனம், அதன் முதலாளியான தாய் நிறுவனம் இருப்பது அமெரிக்காவின் அட்லாண்டாவில். நாளை எங்கள் பக்கம் இன்னொரு வெளிநாட்டு ஆலை வந்து கிணறு கெட்டால் தாய் நிறுவனத்தைக் கேட்க முடியுமா? பாதிக்கு மேல் பங்கு இருந்தால் போதுமா?

முருகேசன், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள முருகேசன்,

பங்கு மட்டும் போதாது. 1984இல் விஷவாயு கசிந்த போபால் ஆலையை நடத்திய ‘யூனியன் கார்பைடு இந்தியா’ என்ற துணை நிறுவனத்தில் அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு 50.9 சதவீதப் பங்கு இருந்தது. இருந்தும், வழக்கை இந்தியாவில்தான் நடத்த வேண்டும் என்று 1986இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம். அந்த இழப்பீட்டு வழக்கில் பொறுப்பு யாருடையது என்று சாட்சி விசாரித்துத் தீர்ப்பு வரவே இல்லை.

அங்கே கனமான ஆவணம் 1982 மே மாதத் தணிக்கை அறிக்கைதான். தாய் நிறுவனத்தின் ஆட்களே அமெரிக்காவிலிருந்து வந்து குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். விஷவாயு கசிந்தது இரண்டரை வருடம் கழித்து. தெரியாது என்று அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்?

ஜாம்பியா தாமிரச் சுரங்க மாசு தொடர்பாக, லண்டனில் பதிவான தாய் நிறுவனம் வேதாந்தா மீது நடந்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019இல் பார்க்கச் சொன்னதும் இதையே: துணை நிறுவனத்தின் வேலையில் தாய் நிறுவனம் எவ்வளவு தலையிட்டது, மேற்பார்த்தது? எனவே ஆண்டறிக்கை, குழுமத்தின் பாதுகாப்புக் கொள்கை, தணிக்கைக்கு வந்தவர்கள் யார் என்ற விவரம் எல்லாவற்றையும் ஆலை ஓடும்போதே சேர்த்து வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை ஆலை வருவதற்கு முன்பே ஒருமுறை சோதித்து வைக்க வேண்டும். பிளாச்சிமடையில் உரமென்று விவசாயிகளுக்குக் கொடுத்த கசடில் ஈயமும் காட்மியமும் இருந்தன. இவற்றைப் பார்க்க எடுக்கும் மாதிரியில் ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலத்தை விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2க்குக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாகக் காட்டும். பாட்டிலில் சர்வே எண்ணும் தேதியும் இருக்கட்டும். ஆலையின் கழிவுநீரை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் எடுக்க வேண்டும். நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவின்படி நோட்டீஸ், முத்திரை, கையெழுத்து இல்லாத மாதிரி வழக்கில் சாட்சியமாகாது.

பிளாச்சிமடை மக்களை வதைத்தது காலக்கெடு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, பாதிப்பு தொடங்கியதிலிருந்து 5 ஆண்டு, மிஞ்சினால் இன்னும் 60 நாள். ஆலை நின்றதே 2004 மார்ச்சில், தீர்ப்பாயம் வந்தது 2010இல்; அதற்குள் கெடு தாண்டிவிட்டது. கேரள அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இந்த இழப்பீட்டுக்கென்றே ஒரு தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த ஆதிவாசிக் குடும்பங்களுக்கு இழைத்தது பெரிய அநியாயம்.

தண்ணீரில் மாற்றம் தெரிந்த அன்றே பஞ்சாயத்தில் மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கிவிடுங்கள். பிறகு அந்தத் தேதியை வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கும்.