“தம்பி இன்னும் எத்தனை வருஷம் இருப்பான்?”

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது, லாரி ஓட்டுகிறான். மூன்று மாதமாக இருமலும் காய்ச்சலுமாக ஆள் பாதியாகிவிட்டான். டி.பி. என்று மருந்து ஆரம்பித்த இடத்திலேயே ரத்தம் எடுத்துப் பார்த்து, எச்.ஐ.வி.யும் இருக்கிறது என்றார்கள். சி.டி.4 எண்ணிக்கை 86. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. கொஞ்சம் தேறினான், இப்போது மறுபடி காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. “இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தப்போகிறேன்” என்கிறான். பக்கத்து ஊரில் ஒருவர் 90 நாளில் அடியோடு குணமாக்கும் சூரணம் தருகிறாராம், அங்கே போகலாம் என்கிறான். அந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அவன் மனைவிக்கு இன்னும் விஷயம் தெரியாது. உண்மையைச் சொல்லுங்கள் டாக்டர், தம்பி இன்னும் எத்தனை வருஷம் இருப்பான்?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: வருஷக் கணக்கு இருக்கட்டும் அம்மா, முதலில் அந்தக் காய்ச்சலைப் பார்ப்போம். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே தம்பியை அதே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போங்கள். அதுவரை ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம்.

சி.டி.4 என்பது ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் அணுக்களின் எண்ணிக்கை. அது 86 வரை இறங்கிய உடம்பில் அந்த எதிர்ப்புப் படை ஏறக்குறைய படுத்துவிட்டது என்று அர்த்தம். கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் அந்தப் படை எழுந்து உட்காருகிறது. எழுந்ததும் ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் டி.பி. கிருமியைப் பார்த்துச் சண்டைக்குப் போகிறது. காய்ச்சலும் நெறியும் பெரும்பாலும் அந்தச் சண்டையின் சத்தம்தான். அதாவது மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமாகவே இது இருக்கலாம். ஆனால் டி.பி. மருந்து சரியாகப் பிடிக்காமல் போனாலும், வேறு தொற்று வந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. விடாத தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மஞ்சளாவது, பேச்சில் தடுமாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் காலை வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986ல். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அந்தக் காலத்தில் இதே கேள்வியை ஒரு அக்கா கேட்டிருந்தால், என்னைப் போன்ற டாக்டர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1996 வாக்கில் வந்தது, ஆனால் ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு. 2001ல் நம் நாட்டு மருந்து நிறுவனமான சிப்லா அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அப்போதும் லாரி ஓட்டும் குடும்பத்துக்கு அது எட்டாத காசுதான். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. நாட்டில் முதலில் திறந்த எட்டு மையங்களில் தாம்பரம் ஒன்று. 2017லிருந்து சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து என்றாகிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்து, விடாமல் மாத்திரை போடுபவர்கள் இன்று கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே வயதாகி, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் தம்பி சீக்கிரம் வரவில்லை. இதை மறைக்க மாட்டேன். இவ்வளவு தாமதமாக வருபவர்களுக்கு ஆபத்து அதிகம் இருப்பது முதல் ஆறு மாதம், அதிலும் முதல் மூன்று மாதம். அதைத் தாண்டிவிட்டால் கணக்கே மாறிவிடும். சி.டி.4 இதே அளவுக்கு இறங்கிய நிலையில் வந்து, இப்போது பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்க வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பறிகொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மருந்து தோற்கவில்லை. உடம்பு தேறியதும் “இனி எதற்கு” என்று நின்றுபோனார்கள், இல்லாவிட்டால் சூரணத்தைத் தேடிப் போய், திரும்பி வரும்போது ஸ்ட்ரெச்சரில் வந்தார்கள்.

அந்தச் சூரணக்காரர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்கள் என்று மருந்துச் சட்ட விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதல் பெயரே எய்ட்ஸ்.

யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆளை மருந்திலிருந்து பிரிப்பதில் பக்கவிளைவுகளைவிட இந்தப் பயம்தான் கெட்டிக்காரப் பயல். ஆனால் அதற்கு வழி உண்டு. டி.பி. மருந்து முடியும்வரை பக்கத்திலேயே இருப்பது நல்லது. உடம்பு நிலைப்பட்டதும் வேறு மாவட்ட மையத்துக்கு மாற்றிக் கேட்கலாம். நன்றாகத் தேறியவர்களுக்கு ஒரே தடவையில் சில மாதங்களுக்கான மருந்தும் தருகிறார்கள். நீண்ட ட்ரிப் போகும்போது மையத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் தந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். வழியில் மருந்து தீர்ந்தால் அந்த ஊர் மையத்தில் அதைக் காட்டிக் கேட்கலாம். 2017ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவோ சிகிச்சை மறுக்கவோ கூடாது. அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டிருக்காமல் 1097க்குப் போன் போடுங்கள், இலவசம்.

மனைவி விஷயத்தில் மட்டும் நான் தம்பி பக்கம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும், குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும், இந்த வாரமே பரிசோதனை நடக்க வேண்டும். அவளுடைய சி.டி.4ம் 86க்கு இறங்கிய பிறகு தெரியவந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? நீங்கள் போய்ப் போட்டு உடைக்காதீர்கள். தம்பிதான் சொல்ல வேண்டும். வாய் வராவிட்டால் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு இருவரும் சேர்ந்து போகட்டும், கவுன்சலர் பக்குவமாகப் பேசுவார். மருந்து தொடங்கி ஆறு மாதம் ஆனதும் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை செய்வார்கள். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால், தாம்பத்திய உறவில் மனைவிக்குத் தொற்றாது. இது பெரிய ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதுவரை ஆணுறை கட்டாயம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லாரி ஓட்டுபவர்களுக்கு நெஞ்செரிச்சல் சகஜம், உடனே ஜெலுசில் வாங்கிக் குடிப்பார்கள். கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிர் அதோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஜெலுசில். ஜெலுசில் முதலில் என்றால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினும் டோலுடெக்ராவிரின் வேகத்தைக் குறைக்கும். அதனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் மட்டும் இன்னொன்று கூடுதலாகத் தருவார்கள். தம்பிக்கு அது எழுதியிருக்கிறதா என்று நாளைக்கே சீட்டைப் பாருங்கள். மருந்து டப்பாவை லாரி டேஷ்போர்டு வெயிலில் வைக்க வேண்டாம், துணிப்பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.