ராமனும் கிருஷ்ணனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராமன் விளைவு பற்றிய கட்டுரையில் கே.எஸ். கிருஷ்ணனை 'ராமனின் உதவியாளர்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் வத்திராயிருப்புக்காரன், அவர் பிறந்த ஊர். சோதனை செய்தவர் கிருஷ்ணன், பெயரையும் நோபல் பரிசையும் தட்டிக்கொண்டவர் ராமன். இதை எழுத என்ன தயக்கம்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

'உதவியாளர்' என்று எழுதியது என் தவறு. கட்டுரையில் திருத்திவிட்டேன். 1928 மார்ச் 31 நேச்சர் அறிவியல் இதழில் வந்த முதல் குறிப்பிலேயே ராமன், கிருஷ்ணன் இருவரின் பெயரும் இருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து காதில் விழுந்த சொல்லை யோசிக்காமல் எழுதிவிட்டேன், வருந்துகிறேன்.

ஆனால் 'தட்டிக்கொண்டார்' என்பதை ஏற்க முடியவில்லை.

கல்கத்தா பௌபஜார் தெரு ஆய்வகத்தில் நடந்ததைப் பாருங்கள். சூரிய ஒளியைத் தொலைநோக்கி லென்ஸால் குவித்து, நன்றாகச் சுத்தப்படுத்திய திரவத்துக்குள் செலுத்துகிறார்கள். ஒளி உள்ளே போகும் வழியில் நீலமும் ஊதாவும் மட்டும் விடும் வடிகட்டி. பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் மஞ்சளும் பச்சையும் மட்டும் விடும் வடிகட்டி. முதலாவது விடுவதை இரண்டாவது தடுத்துவிடும், எதுவும் தெரியக் கூடாது. ஆனாலும் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது. திரவத்தில் சிதறும்போது ஒளியில் ஒரு சிறு பங்கின் நிறம், அதாவது அலைநீளம், மாறியிருந்தது. அதுதான் ராமன் விளைவு. ஏறத்தாழ 60 திரவங்களில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். 1928 பிப்ரவரி மாத உழைப்பில் கிருஷ்ணனின் பங்கு மிகப் பெரியது, சந்தேகமே இல்லை.

அந்த மங்கல் ஒளிக்கு அதற்கு முன்பே ஒரு கதை உண்டு. 1923-இல் ராமனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த கே.ஆர். ராமநாதன் அதைப் பார்த்தார். திரவத்தில் உள்ள அழுக்குதான் காரணமோ என்று திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தும் அது போகவில்லை. 1925-இல் கிருஷ்ணனும் பல திரவங்களில் பார்த்தார். பிறகு வெங்கடேஸ்வரன், சுத்தமான கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இல்லாமல் பளிச்சென்று பச்சையாக இருப்பதைக் கண்டார். இத்தனை பேரையும் ஒரே கேள்வியின் பின்னால் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தவர் ராமன். கிருஷ்ணனுக்காக வழக்காடும்போது ராமநாதனையும் வெங்கடேஸ்வரனையும் விட்டுவிடலாமா? 1930 நோபல் உரையில் ராமனே இந்த மூவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

'ராமன் விளைவு' என்ற பெயரும் அவர் சூட்டிக்கொண்டதில்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் பிரிங்ஸ்ஹைம் வைத்தது.

சரி, உங்கள் ஆதங்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அலைநீளம் மாறுவதைச் சொல்லும் ஏப்ரல் 21 குறிப்பில் ராமன் பெயர் மட்டும்தான். அடுத்து மே 5-இல் வந்ததில் மறுபடி இருவர் பெயரும் இருக்கிறது. நடுவில் வந்தது மட்டும் ஏன் தனிப் பெயரில் என்று கேட்பது சரியான கேள்வி. அதைக் கேட்போம். கேள்வி நியாயமாக இருப்பதாலேயே திருட்டுப் பட்டம் கட்டிவிட முடியாது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. நானும் சரி, நீங்களும் சரி, கிருஷ்ணனை 1928-லேயே நிறுத்திவிட்டோம். அந்த ஆண்டுக் கடைசியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிகங்களின் காந்தப் பண்புகளைப் பற்றி அவர் செய்தது முழுக்க அவருடைய வேலை. 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1947-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். பரிசு தவறியவர் என்று மட்டுமே அவரைப் பேசிக்கொண்டிருந்தால் இதெல்லாம் எங்கே போகும்?

டாக்காவிலிருந்து தொடங்கித் தனிக் கட்டுரை எழுதப்போகிறேன். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது ஏதும் இருந்தால் அனுப்புங்கள். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.