லாக் நட் போட்டால் அலாய் வீல் தப்பிக்குமா?

தெருவில் நிறுத்தும் காருக்குப் புது அலாய் வீல் மாட்டியிருக்கிறேன், லாக் நட் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பித் தூங்காதீர்கள்.

லாக் நட் என்பது சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு நட், அவற்றைக் கழற்றவென்று தனி வடிவத்தில் ஒரு சாவி. அவசரத்தில் வரும் திருடன் இதைப் பார்த்தால் அடுத்த காருக்குப் போகக்கூடும். தயாராக வருபவன் சற்றுச் சிறிய சாக்கெட்டை நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறக்கித் திருகிவிடுவான். வெளிவளையம் தனியாகச் சுழலும் வகை நட்டில் அந்தப் பிடி கிடைப்பது கடினம். கடையில் அதையே கேளுங்கள். சக்கரத்தின் மேல் மாட்டும் மஞ்சள் கிளாம்ப் பூட்டு காக்கிற சக்கரம் ஒன்றுதான், மற்ற மூன்றும் அவனுக்கு.

அப்புறம் அந்தச் சாவி. பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து முடுக்கினால் அதன் பற்கள் போய்விடும். எனக்குப் போனது, ஒரு நட்டைக் கழற்ற அரை நாள்! கையால்தான் முடுக்கச் சொல்லுங்கள். சாவி எண் உள்ள அட்டை வீட்டில் இருக்கட்டும்.

வெளிச்சத்தில், சுவரை ஒட்டி நிறுத்துங்கள். ஒரு பக்கமாவது ஜாக்கி வைக்க இடம் இருக்காது. சரி, வெளியே வாங்கி மாட்டிய வீல் என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டீர்களா? வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் வீல் போனால் ஒரு பைசா வராது.